பேர் வெட்டிய பாத்திரங்கள்

"திலகத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார் குஞ்சிதபாதம். அவருக்கென்ன, போய்விட்டார். அடுப்படித் தரையில் பாத்திரங்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வசுமதிக்குத்தான் அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. திலகம். திலகவதி என்றுகூட இல்லை. வாய் நிறைய, நேற்றுச் சாயங்காலம்தான் பார்த்துப் பேசிவிட்டு வந்த மாதிரி, திலகம். கட்டிய மூன்றே வருஷத்தில் இவரும் வேண்டாம் இந்த வீடும் வேண்டாம் என்று ஒரு தோள்பையோடு கிளம்பிப் போனவள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு ஒரேயடியாக அறுத்துக்கொண்டு போனவள். அதற்கப்புறம் முறைப்படி தாலி கட்டிக்கொண்டு வந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறவள் இவள். இவளை என்றைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாரா அந்த மனுஷன்? உறையூர் வீட்டைக் காலி பண்ணிவிட்டு ஸ்ரீரங்கத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு ஃபிளாட்டுக்குப் போகலாம் என்று முடிவு பண்ணினாரே, அப்போது கேட்டாரா? "இனிமே நமக்கு எல்லாம் கொஞ்சம் போதும் வசு" என்று ஆரம்பித்தாரே, அப்போதாவது கேட்டாரா? சாயங்காலம் அன்னதானக் கூடத்து வண்டி வரும், வேண்டாத பாத்திரத்தையெல்லாம் எடுத்து வை என்றார். சரி என்றாள். அவ வீட்டுச் சீர்ப் பாத்திரம் இருக்கில்ல, அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி என்று இழுத்தார். இழுத்துவிட்டுத்தான் அந்த ஒரு வார்த்தை. அவள் எனக்கு வேணும் என்று சொல்லிவிட்டால்? வேணும்னு சொல்லி, எடுத்துக்கிட்டுப் போக அவளே வாசல்ல வந்து நின்னுட்டா?

நம்பர் எப்படி வந்தது இவருக்கு, அதை முதலில் சொல்லட்டும். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று போனவளுடைய நம்பர் ஒருத்தருடைய போனில் தானாகவா முளைக்கும்? ரொம்ப நாளாகவே பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்னமோ. காலையில் வாக்கிங் போகிறேன் என்று காவிரிப் பாலம் வரைக்கும் போகிறாரே, திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சல் இருக்கிறதே, அது நடந்ததால் வந்ததுதானா? வசுமதி ஒரு தூக்குவாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மூடினாள். இப்போது யோசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கொஞ்சம் போதும் பைத்தியம் இவருக்கு எங்கிருந்து பிடித்தது? நெடுஞ்சாலைத் துறையில் ரிட்டையராகிற வரைக்கும் ஒரு சணல் கயிற்றைக்கூடத் தூக்கிப் போடாமல் சுருட்டி வைத்த ஆள். ஸ்வீட் டப்பா, எரியாத டார்ச் லைட், கம்பி ஒடிந்த குடை, எதைக் கேட்டாலும் "இருக்கட்டும், உதவும்." அந்த ஆள் திடீரென்று ஒரு நாள் நாலு சட்டையை மட்டும் கொடியில் தொங்கவிட்டு, மிச்சத்தை மூட்டை கட்டித் தெருமுனை வாட்ச்மேனுக்குக் கொடுத்தார். ஒரு வருஷமா கையால தொடாத சாமான் எதுவும் வீட்டுல இருக்கக் கூடாது வசு என்று பாடம் நடத்தினார். போனில் எவனோ பேசுகிறதைக் கேட்டுவிட்டு ஆடுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள். எவனோ இல்லை, எவளோ. அவள்தான் ஓதியிருப்பாள். அவளுக்குத்தானே கொஞ்சத்தில் வாழத் தெரியும். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த கோமதியக்கா, இவருடைய பெரியப்பா மகள், காபியை ஆற்றிக்கொண்டே சொல்லவில்லையா? "திருவண்ணாமலையில பார்த்தேன்டி அந்தத் திலகவதியை. ஒரே ரூமு. ஒரு பாயி, ஒரு தண்ணிப் பானை, நாலே நாலு புடவை. வேற ஒரு துரும்பு கிடையாது. ஆனா மூஞ்சியில என்ன ஒரு களைங்கறே! வயசே தெரியல போ." வராதா பின்னே? தேய்க்கப் பாத்திரம் இல்லை, துடைக்க அலமாரி இல்லை, அத்தனையையும் இங்கே போட்டுவிட்டுப் போய் அங்கே ஒரு பாயில் உட்கார்ந்துகொண்டால் எவளுக்கும்தான் களை வரும். போட்டுவிட்டுப் போனதைத் தேய்த்தவள் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை. அன்றைக்கு இவர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கோமதியக்கா பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அதை வசுமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. நடு மத்தியானத்தில் யார் சமைக்கிறார்கள்? கத்தட்டும். அடுக்குச் சம்புடத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பெரியது, அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று. எதைத் திருப்பினாலும் விளிம்புக்குக் கீழே அந்தப் புள்ளிப் புள்ளி எழுத்து. ப. திலகவதி. பெண்ணுக்குச் சீர் கொடுக்கிறவர்கள் பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள், ஊரில் இல்லாத அதிசயமா? ஆனால் அந்தப் பக்கிரிசாமி, திலகவதியைப் பெற்ற புண்ணியவான், ஒரு கரண்டியைக்கூட விட்டு வைக்கவில்லை. அண்டாவில், குடத்தில், தாம்பாளத்தில், இட்லிக் கொப்பரையில், எண்ணெய்த் தூக்கில், மகள் என்றைக்கோ தொலைந்துபோவாள் என்று தெரிந்த மாதிரி எல்லாவற்றிலும் பேரை வெட்டி அனுப்பியிருந்தார். வசுமதியின் அப்பாவும் பேர் வெட்டிக் கொடுத்திருப்பார். வேண்டாம் என்றது இந்த வீடுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாமியார், இருந்தவரைக்கும் நல்ல மனுஷிதான், சும்மா சொல்லக் கூடாது, "பாத்திரமெல்லாம் எதுக்குங்க? வீடு நிறையக் கிடக்கு, வைக்க இடமில்ல. பொண்ணை மட்டும் அனுப்புங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அப்பா வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டார். அம்மா மட்டும் மனசு கேட்காமல் அரை டஜன் டம்ளர் வாங்கிப் பையில் போட்டாள். அவசரத்தில் அதிலும் பேர் வெட்டவில்லை. இப்போது இந்த மனுஷன் கொஞ்சம் போதும், கொஞ்சம் போதும் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாரிடம் வந்து சொல்கிறார்? வந்த நாளிலிருந்து அரை டஜன் டம்ளரோடு குடும்பம் நடத்தினவளிடமா? இந்த வித்தையில் திருவண்ணாமலைக்காரியைவிட இவள்தான் மூத்தவள். ஆனால் இவளைப் பார்த்து எவரும் களை என்று சொன்னதில்லை. அவள் விட்டுவிட்டுப் போனாள், அதனால் துறவு. இவளுக்குக் கொடுக்கவே இல்லை, அதற்கு என்ன பேர்?

அதற்காகச் சும்மா இருந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. வந்த புதிதில் பாத்திரங்களைப் பேர் சுவர்ப் பக்கம் போகிற மாதிரி திருப்பி வைப்பாள். மாமியார் காலையில் எடுத்துப் புழங்கிவிட்டுப் பேர் வெளியே தெரிகிற மாதிரி வைப்பார். வேண்டுமென்று இல்லை, வந்தபடி வைப்பார். மறுபடி திருப்புவாள். வருஷக்கணக்கில் நடந்தது இந்தக் கூத்து. ஒரு தடவை இவருடைய காபி டபராவை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கடைவீதியில் ஒரு பாலீஷ் பட்டறையில் கொடுத்து, இந்தப் பேரை எடுத்துடுங்க என்றாள். எடுத்தார்கள். எடுத்த இடம் கண்ணாடி மாதிரி பளீரென்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் எழுத்து இருந்ததை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது டபரா வருகிறதோ இல்லையோ, அந்தப் பளபளப்பு முதலில் வந்து கண்ணில் குத்தியது. ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் அதைக் கையில் ஏந்திக் குடிக்கும்போது வசுமதி வேறு பக்கம் பார்ப்பாள். இன்னொரு தடவை இன்னும் பெரிய பைத்தியக்காரத்தனம். எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கம் வேண்டாம் இந்தப் பக்கம் என்று காட்டி, கு. வசுமதி என்று தன் பேரை வெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மேடையில் வைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு குடத்துக்கு முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தி. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கே தூக்கிப் பரணில் போட்டாள். இதோ இன்றைக்குத்தான் இறங்கியிருக்கிறது, அதே இளிப்போடு. எல்லாவற்றையும்விடக் குழந்தை விஷயம்தான் மோசம். நித்திலாவுக்குப் பருப்புச் சாதம் ஊட்டுகிற கிண்ணத்திலும் அந்தப் பேர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எழுத்து சொல்லிக் கொடுத்த புதிதில் அந்தப் பெண் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி, தி, ல, க, வ, தி என்று விரலை வைத்துப் படித்தது. தானாகப் படித்த முதல் வார்த்தை. அம்மா என்று இல்லை, அப்பா என்று இல்லை. "திலகவதி யாரும்மா?" என்றது. வசுமதிக்குக் கையில் எடுத்த உருண்டை அப்படியே நின்றது. "பாத்திரக் கடைப் பேருடி, சாப்பிடு" என்றாள். அந்தப் பெண் இன்றைக்கு ஓசூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணமும் ஆகிவிட்டது. அது கடைப் பேர் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ.

இவ்வளவு நேரமா ஒரு போன் பேச? போனவர் போனவர்தான். ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றவர் எத்தனை வார்த்தை கேட்கிறாரோ. எப்படி இருக்கே திலகம். சாப்பிட்டியா திலகம். நானும் உன்ன மாதிரியே எல்லாத்தையும் விட்டுக்கிட்டு வரேன் திலகம், ரூம் காலி இருக்கா? ச்சீ, என்ன புத்தி இது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எப்படிப்பட்டவர் என்றுதான் யாருக்குத் தெரியும்? ஏன் போனாள் என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டதற்கு, "ஒத்து வரல" என்றார். யாருக்கு யார் ஒத்து வரவில்லை என்று சொல்லவில்லை. அவள் வந்தால் பஸ்ஸில்தான் வருவாள். வாசலில் நிற்பாள். மெலிசாக, வெள்ளையில் கரை போட்ட நூல் புடவை, கையில் ஒரு வளையல்கூட இருக்காது. இந்த அடுப்படியை ஒரு பார்வை பார்ப்பாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவர், கயிறு கட்டின சிலிண்டர் குழாய், தரையில் கடை விரித்த மாதிரி அவளுடைய பாத்திரங்கள், நடுவில் கெண்டைக்கால் வீங்கி உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளை. ஐயோ பாவம் என்று நினைப்பாள். அவள் திட்டினாலும் பரவாயில்லை, ஐயோ பாவம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வசுமதி எழுந்தாள். மூட்டு விண்ணென்று தெறித்தது. குளியலறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள், கன்னத்தில் ஒரு கரி. கழுவினாள். தலையை அவிழ்த்துக் கோதி முடிந்தாள். பீரோவைத் திறந்து அந்த ஊதா வாயில் புடவையை உருவிக் கட்டிக்கொண்டாள். கட்டி முடித்து முந்தானையை இழுத்துவிடும்போதுதான் உறைத்தது. திருவண்ணாமலையில் இருக்கிறவள் ஒரு போனுக்கு அரை மணியில் வந்து நிற்பாளா? யாருக்காக இந்த அலங்காரம்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவிழ்க்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, கையில் புளி எடுத்து, கொடுத்துத் தொலைக்கப்போகிற பித்தளை அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள். கறுத்துப்போய் அவள் கண்ணில் படக் கூடாது. பட்டாலும் பளபளவென்று படட்டும். பார்த்துக்கொள்ளட்டும், உன் சாமானை எப்படி வைத்திருக்கிறேன் பார்.

கேட் சத்தம் கேட்டது. குஞ்சிதபாதம் ஒருத்தர்தான் வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "எங்க கிளம்பிட்ட?" என்றார் புடவையைப் பார்த்து.

"எங்கயும் இல்ல. பேசினீங்களா?"

"பேசினேன். நம்பர் வாங்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அவ தம்பி தில்லைநகர்ல கடை வச்சிருக்கான்ல, அங்க போய் நின்னு வாங்கினேன்."

அவள் கை அண்டாவில் நின்றது. "என்ன சொன்னா?"

"முதல்ல யாருன்னே தெரியல அவளுக்கு. உறையூர் குஞ்சிதபாதம்னு சொன்னேன். அப்புறம், அடடே, சௌக்கியமான்னு கேட்டா. பாத்திரம் விஷயத்தைச் சொன்னேன். என்ன பாத்திரங்கறா."

"என்ன பாத்திரமா?"

"ஆமாங்கறேன். எங்க வீட்டுல பாத்திரமெல்லாமா குடுத்தாங்கன்னு கேட்டுச் சிரிக்கறா. சத்தியமா ஞாபகமே இல்லையாம். எதுவா இருந்தாலும் குடுத்துடுங்க, என்னைக் கேக்கணுமா இதுக்குன்னா. அவ்வளவுதான். வச்சுட்டா."

"பேர் வெட்டினதுகூடவா ஞாபகம் இல்ல?"

"பேரா? எதுல?" குனிந்து ஒரு சம்புடத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அப்படியும் இப்படியும் திருப்பினார். "அட, ஆமா. பேரு போட்டிருக்கு. நான் பார்த்ததே இல்ல வசு. எல்லாத்துலயுமா இருக்கு?"

எல்லாத்துலயுமா என்று கேட்கிறாரே. வசுமதி அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் இந்த மனுஷனுக்குக் காது மடல் சிவக்கும், இன்றைக்குச் சிவக்கவில்லை. பேர் இருந்தபோதும் எடுத்த பிறகும் அந்த டபராவில் தினம் காபி குடித்த வாய். அந்தத் தாம்பாளத்தில் சாமிக்குப் பழம் வைத்த கை. பார்த்ததே இல்லையாம். அவர் முகம் கழுவப் போய்விட்டார். சந்தோஷம்தானே வர வேண்டும்? அவள் வரவில்லை, வேண்டும் என்று கேட்கவில்லை, இவர் மனசிலும் ஒரு மண்ணும் இல்லை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வயிறுதான் முன்னைவிட எரிந்தது. யாரென்றே தெரியவில்லையாம். என்ன பாத்திரம் என்று சிரித்தாளாம். அவளுக்கு ஞாபகம் இல்லை, இவருக்கும் ஞாபகம் இல்லை, இந்த வீட்டில் திலகவதியை ஒரு நாள் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தது வசுமதி ஒருத்திதான். சுவர்ப் பக்கம் திருப்பித் திருப்பி, தேய்த்துத் தேய்த்து, ஒரு எழுத்து மங்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவள் நாலு புடவையோடு இருக்கிறாள் என்று பொறாமைப்பட்டதெல்லாம் தண்டம். இப்படி மறக்க முடிகிறதே ஒருத்தியால், அதுக்கல்லவா பொறாமைப்பட வேண்டும்! சண்டைக்கு வராத ஒருத்தியோடு கல்யாணமான நாளிலிருந்து தனியாக நின்று சண்டை போட்டிருக்கிறாள். தோற்றதும் தனியாகத்தான். அரை டஜன் டம்ளரில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

சாயங்காலம் அன்னதானக் கூடத்து வண்டி வந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒல்லியான மனுஷர் ஒருத்தர் உள்ளே வந்து, சாக்குகளை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் அண்டாதான் மிச்சம். அதைக் கொஞ்சம் சாய்த்துத் தட்டிப் பார்த்தார். "என்னா கனம்! இந்தக் காலத்துல இப்படி யாரு குடுக்கறா?" என்றவர், விளிம்புக்குக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து, வசுமதியைப் பார்த்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"திலகவதியம்மா, நீங்க நல்லாருக்கணும். அங்க பாத்திரத்துல இருக்கற பேரைப் பார்த்துத்தான் யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க. தினமும் உங்க பேரைச் சொல்லிச் சாப்பிடுவாங்கம்மா."

வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த குஞ்சிதபாதம் அப்படியே நின்றுவிட்டார். "அது வந்துங்க..." என்றார். வசுமதியின் முகத்தைப் பார்த்தார், பயந்துபோய்ப் பார்த்தார். அடிப்பாவி, இதுவும் உனக்குத்தானா? போனதும் உனக்குப் பெருமை, இருந்ததும் உன் பேர், இப்போது நான் தேய்த்துக் கொடுக்கிற புண்ணியமும் உனக்கா? எல்லாவற்றையும் இறக்குங்கள், ஒன்றும் கொடுக்கவில்லை, போங்கள் என்று கத்திவிடலாம். ஒரு வார்த்தை போதும், அத்தனை சாக்கும் திரும்ப உள்ளே வந்துவிடும். வந்து? ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் எந்தச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள்? அந்த மனுஷர் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. யாரோ ஒருத்தியைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திலகவதிங்கறவங்க இந்த வீட்டுல இல்லைங்க" என்றாள் வசுமதி. "அவங்க எப்பவோ கிளம்பிட்டாங்க. நான் வசுமதி."

"அப்படீங்களா? சரிங்க வசுமதியம்மா" என்றார் அவர், பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி. "தனியாத் தூக்க முடியாது போலிருக்கு. அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

குஞ்சிதபாதம் ஓடி வந்தார். "நீங்க இருங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே குனிந்தாள். பேர் இருந்த பக்கம்தான் அவள் கைக்கு வந்தது. பிடித்துத் தூக்கினாள்.